தோட்டத்துக்கும் தறிக்கொட்டகைக்கும் ஒரு பேட்டரிப் பெட்டி: 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் ஒரே டப்பாவில்

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்ட்டை நிறுத்தினால் மாலை 4 மணி வரைக்கும் வராது என்பது நம்ம பக்கம் எல்லோருக்கும் தெரியும். அது போதாதென்று ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றில் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தென்னை மட்டை கம்பியில் விழுந்து போகிற கரண்ட்டுக்குக் கணக்கே கிடையாது. இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டுக்குப் பிரச்சினை இல்லை. தோட்டத்துச் சாளையிலும் மோட்டார் ரூமிலும் தறிக்கொட்டகை ஓரத்து மேஜையிலும் இருக்கிற நெட் டப்பா (மோடம், ரவுட்டர்), ஒரு கேமரா, ஒரு எல்இடி லைட், ரெண்டு போன், இவ்வளவுக்காக ஒரு இன்வெர்ட்டரும் பெரிய பேட்டரியும் வாங்கிப் போடுவதுதான் வீண் செலவு. அதிலும் இன்வெர்ட்டர் 12 வோல்ட்டை 230 ஆக்கும், நெட் டப்பாவின் அடாப்டர் அதைத் திரும்ப 12 ஆக்கும், ரெண்டு இடத்திலும் சூடாகவே கொஞ்சம் மின்சாரம் போய்விடும். நேராக 12 கொடுத்துவிட்டால் அந்த நஷ்டம் இல்லை.

இன்னொரு விஷயம், வீட்டுக்கு வருகிற ஃபைபர் இணைப்பில் பெரும்பாலும் தெருவில் இருக்கிற பிரிப்பான்களுக்குக் கரண்ட்டே வேண்டாம், வெறும் கண்ணாடிதான். கம்பெனிக்காரர் முனையில் பேட்டரி ஓடிக்கொண்டிருந்தால், உங்கள் டப்பாவுக்கு மட்டும் 12 வோல்ட் கொடுங்கள், ஊரே கரண்ட் இல்லாமல் இருந்தாலும் நெட் ஓடும்.

அதனால் இங்கே சொல்லப்போவது ரெண்டு வோல்ட்டேஜ் தருகிற ஒரு பேட்டரிப் பெட்டி. 12 வோல்ட் நெட் டப்பாவுக்கும் லைட்டுக்கும், 5 வோல்ட் போனுக்கும். வெளிநாடுகளில் இதே மாதிரி கையால் செய்த ரெண்டு வோல்ட்டேஜ் டப்பாக்களை மின்சிகரெட்டுக்கு நிறையச் செய்தார்கள், ஒரே வாய், பக்கத்தில் ஒரு சுவிட்ச், இந்தப் பக்கம் தள்ளினால் செல்லின் 3.7, அந்தப் பக்கம் தள்ளினால் 5. நம் நாட்டில் 2019 முதல் மின்சிகரெட்டுக்குத் தடை, தயாரிப்பது, விற்பது, கொண்டுவருவது எல்லாமே சட்டப்படி குற்றம், அதனால் அந்த வேலைக்கு நான் வழி சொல்லமாட்டேன். ஆனால் அந்த அமைப்பைப் பார்த்துவிட்டு நம்ம வேலைக்கும் ஒரே வாய், ஒரு சுவிட்ச் என்று வைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும்: தயவுசெய்து வைக்காதீர்கள்.

காரணம் இதுதான். நெட் டப்பாக்களுக்கு வருகிற அந்த உருண்டைப் பின் இருக்கிறதே, 5.5 எம்.எம். வெளி விட்டம், 2.1 எம்.எம். உள் விட்டம், அதே பின்னில் 12 வோல்ட் டப்பாவும் உண்டு, 9 வோல்ட் டப்பாவும் உண்டு, 5 வோல்ட் டப்பாவும் உண்டு. எல்லாம் எல்லாவற்றிலும் கச்சிதமாக உட்காரும். பொழுதோட கரண்ட் போனதும் இருட்டில் தடவிச் செருகப்போவது நீங்களாக இருக்காது. அம்மாவாக இருக்கலாம், தறி ஓட்டுகிறவராக இருக்கலாம், லீவுக்கு வந்த ஒறம்பரை வீட்டுப் பையனாக இருக்கலாம். அவர்கள் எந்தப் பக்கம் சுவிட்ச் இருக்கிறது என்று பார்த்துச் செருகுவார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. தப்பாகச் செருகவே முடியாதபடி நாம்தான் ஒயரிங் பண்ணி வைக்க வேண்டும். 12 வோல்ட் உருண்டைப் பின்னில் மட்டும், 5 வோல்ட் யூஎஸ்பி வாயில் மட்டும், சார்ஜ் ஏற்றுகிற வாய் ரெண்டிலும் சேராத மூன்றாவது வடிவத்தில். இந்தப் பெட்டியில் மற்றதெல்லாம் நீங்கள் உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம், இதையும் ஃபியூஸையும் மட்டும் மாற்றாதீர்கள்.

எவ்வளவு பெரிய பேட்டரி?

முதலில் உங்கள் நெட் டப்பா உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். அடாப்டரில் 12 வோல்ட் 1 ஆம்ப் என்று போட்டிருப்பது அடாப்டரின் அதிகபட்சம், டப்பா அவ்வளவு எடுக்காது. மல்டிமீட்டரை 10 ஆம்ப் ரேஞ்சில் வைத்து, ப்ளஸ் கம்பியின் நடுவில் தொடராக இணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் (அளந்து முடித்ததும் சிவப்புக் கம்பியைத் திரும்ப வோல்ட் ஓட்டைக்கு மாற்றி வையுங்கள், இல்லையென்றால் அடுத்த தடவை வோல்ட் அளக்கும்போது மீட்டரே ஷார்ட் ஆகிவிடும்). கணக்குக்கு 8 வாட் என்று வைத்துக்கொள்வோம்.

நான் சொல்லும் பெட்டியில் நாலு செல். ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், 6 ஆம்பியர்-மணி. நாலையும் தொடராகப் போட்டால் 12.8 வோல்ட், 12.8-ஐ 6-ஆல் பெருக்கினால் சுமார் 77 வாட்-மணி. இதில் வோல்ட்டை மாற்றித் தருகிற கன்வெர்ட்டரின் சூட்டுக்குப் பத்தில் ஒரு பங்கு போகும், கடைசிச் சொட்டு வரை உறிஞ்சாமல் இன்னொரு பங்கை விட்டுவைப்பது நல்லது. மிச்சம் 62 வாட்-மணி. 8 வாட் டப்பாவுக்கு ஏழரை மணி நேரத்தை ஒட்டி வரும். 9 மணியிலிருந்து 4 மணி வரைக்கும் சரியாகப் போதும்.

ஆனால் போனைச் செருகினால் கணக்கு மாறும். 5000 மில்லிஆம்பியர்-மணி போன் பேட்டரி என்பது 19 வாட்-மணிக்குக் கொஞ்சம் மேல். ஏற்றும்போது ஆகிற நஷ்டத்தையும் சேர்த்தால் ஒரு போனை முழுதாக ஏற்ற 24, 25 வாட்-மணி போய்விடும், அதாவது நெட் டப்பா மூன்று மணி நேரம் ஓடுகிற மின்சாரம். வீட்டில் மூன்று போனையும் இதிலேயே ஏற்றுவார்கள் என்றால் எட்டு செல் வாங்குங்கள், ரெண்டு ரெண்டாகப் பக்கவாட்டில் சேர்த்து நாலு ஜோடியைத் தொடராகப் போட்டால் 12 ஆம்பியர்-மணி. ஒயரிங் அதேதான்.

எந்த செல்?

லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுத்த 18650 செல் மலிவாகக் கிடைக்கும், நிறைய பேர் அதைத்தான் முதலில் எடுப்பார்கள். நான் எடுக்கச் சொல்லமாட்டேன். மூன்று போட்டால் நிறைந்த நிலையில் 12.6, காலியாகும்போது 9. நாலு போட்டால் 16.8. ரெண்டுமே 12-க்கு இடக்கு. பழைய செல்லில் எது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதும் தெரியாது. அதைவிடப் பெரிய விஷயம், ஈரோட்டிலும் கரூர் பரமத்தியிலும் சித்திரை வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், தகரக் கூரைக்கு அடியில் இன்னும் மேலே போகும். அந்தச் சூட்டில் வைக்கிற பெட்டிக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்தான் சரி. அதில் ஆக்சிஜன் பாஸ்பரஸோடு இறுக்கமாகக் கட்டுண்டு கிடப்பதால், கோபால்ட், நிக்கல் கலந்த மற்ற லித்தியம் செல்களைப் போலச் சூடேறி ஆக்சிஜனை விட்டுத் தானே எரிகிற வாய்ப்பு ரொம்பக் குறைவு. இந்தப் பொருளை 1997-ல் உலகுக்குச் சொன்ன ஆய்வுக் கட்டுரையில் விஞ்ஞானி குட்இனஃப் பெயருக்கு முன்னால் பாடி, நஞ்சுண்டசாமி என்று ரெண்டு நம்மூர்ப் பெயர்கள் இருக்கின்றன. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம்.

நாலு பாஸ்பேட் செல் தொடராகப் போட்டால் 12.8. இது 12-க்கு எவ்வளவு பக்கம் என்று பாருங்கள். நிறைந்தால் 14.6, ஒவ்வொரு செல்லும் 3.65. காலியானால் 10, ஒவ்வொன்றும் 2.5.

கடையில் 32650 அல்லது 32700 என்று கேளுங்கள், ரெண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கோயமுத்தூர் காந்திபுரம் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள், ஆன்லைனிலும் கிடைக்கிறது. திருகாணி முனை வைத்த செல் கிடைத்தால் அதையே எடுங்கள், சால்டரிங் வேலை பாதி குறையும். கையில் மீட்டர் கொண்டுபோங்கள். புது செல் 3.2, 3.3 காட்டும். 2.5-க்குக் கீழே காட்டுவதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தராசு இருந்தால் எடை போடுங்கள், 6 ஆம்பியர்-மணி செல் 140 கிராமை ஒட்டி இருக்கும். ரொம்ப லேசாக இருந்தால் உள்ளே சொன்ன சரக்கு இல்லை என்று அர்த்தம்.

12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரி, யூபிஎஸ்ஸில் வருவது, அதுவும் போடலாம். பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் சாகும், எடையும் ரெண்டு கிலோவுக்கு மேல். கையில் சும்மா கிடந்தால் போடுங்கள், புதிதாக வாங்க வேண்டாம்.

வாங்க வேண்டிய மற்றவை

பிஎம்எஸ் போர்டு ஒன்று, செல்கள் அளவுக்கு மேல் ஏறாமலும் அளவுக்குக் கீழே இறங்காமலும் காவல் காக்கிற போர்டு இது. வாங்கும்போது நாலு செல், பாஸ்பேட், 12.8 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மற்ற லித்தியம் செல்லுக்கான போர்டு பார்க்க அப்படியே இதே மாதிரிதான் இருக்கும், ஆனால் ஒவ்வொரு செல்லையும் 4.2-க்கு மேல் போகும்வரை விட்டுவிடும், பாஸ்பேட் செல் அங்கேயே கெட்டுவிடும். 10 ஆம்ப் அல்லது 20 ஆம்ப் போதும்.

12 வோல்ட்டுக்கு ஒரு கன்வெர்ட்டர். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பேட்டரி 14.6-லிருந்து 10 வரைக்கும் இறங்கும், நமக்கு வேண்டிய 12 அதற்கு நடுவில் இருக்கிறது. குறைக்க மட்டும் தெரிந்த எல்எம்2596 மாதிரி போர்டைப் போட்டால் பேட்டரி 13-ஐ ஒட்டி வந்ததுமே வெளியே 12 வராது. அதனால் ஏற்றவும் இறக்கவும் தெரிந்த வகை வேண்டும். எக்ஸ்எல்6009 சில்லு வைத்து, ரெண்டு காயில் இருக்கிற போர்டைக் கேட்டு வாங்குங்கள் (ஒரே காயில் இருப்பது ஏற்ற மட்டும்தான் செய்யும்). இது 1 ஆம்ப் வரைக்கும் நிம்மதியாகக் கொடுக்கும். ஹார்ட் டிஸ்க் வைத்த கேமரா ரெக்கார்டருக்கு இது பத்தாது, எல்டிசி3780 மாதிரி பெரிய போர்டு தேடுங்கள்.

5 வோல்ட்டுக்கு என் யோசனை, தனிப் போர்டு வாங்காமல் பைக் ஹேண்டில்பாரில் மாட்டுகிற யூஎஸ்பி சார்ஜரை வாங்கிப் பெட்டியில் பதித்துவிடுங்கள். 12-லிருந்து 24 வரைக்கும் ஏற்று 5 கொடுக்கும் என்று போட்டிருக்கும், மூடியும் சேர்ந்தே வரும். பேட்டரி கடைசியில் 12-க்குக் கீழே இறங்கினாலும் 5 எடுப்பதற்கு அது தாராளம். சாதாரணக் கன்வெர்ட்டரில் வெறும் யூஎஸ்பி வாயைச் சால்டர் பண்ணினால் போன் மெதுவாகத்தான் ஏறும், ஏனென்றால் நடுவில் இருக்கிற ரெண்டு டேட்டா கால்களைப் பார்த்துத்தான் போன் எவ்வளவு இழுக்கலாம் என்று முடிவு செய்கிறது. அந்த ரெண்டையும் ஒன்றோடு ஒன்று இணைத்துவிட்டால் அதிகம் இழுக்கும். பைக் சார்ஜரில் இந்த வேலையெல்லாம் செய்தே வந்துவிடும்.

பிறகு கார் ஸ்பேர்ஸ் கடையில்: பிளேடு ஃபியூஸ் போடுகிற ஒயர் ஹோல்டர் மூன்று, 7.5 ஆம்ப் ஃபியூஸ் (பழுப்பு நிறம்) ரெண்டு, 3 ஆம்ப் (ஊதா) நாலு, 12 வோல்ட்டுக்கான தட்டு சுவிட்ச் ஒன்று, இண்டிகேட்டரில் போடுகிற 21 வாட் பல்பும் ஹோல்டரும் ஒன்று. பல்பு எதற்கு என்று பின்னால் சொல்கிறேன், அதை மட்டும் விட்டுவிட்டு வராதீர்கள். ஒயர் 1.5 சதுர மி.மீ. பல இழை, சிவப்பும் கறுப்பும். கிளைகளுக்கு 0.75 போதும். சார்ஜ் வாய்க்கு எக்ஸ்டி60 கனெக்டர் ஒரு ஜோடி. 14.6 வோல்ட் 2 அல்லது 3 ஆம்ப் பாஸ்பேட் சார்ஜர்.

ஒயரிங்

வேலையில் உட்காரும் முன் மோதிரம், காப்பு, கழுத்துச் சங்கிலி எல்லாம் கழற்றி வைத்துவிடுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது சரிதான், ஆனால் இந்த செல்கள் ஷார்ட் ஆனால் நூறு ஆம்பியருக்கு மேல் கொட்டும், மோதிரம் விரலோடு பழுத்துவிடும். ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் தண்டுக்கு இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள், நுனி மட்டும் தெரிந்தால் போதும்.

செல்களைத் தொடராகப் போடுவதற்கு முன்னால் ஒரு நாள் பொறுமை வேண்டும். நாலு செல்லும் ஒன்றுக்கொன்று 0.05 வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நாலின் ப்ளஸ்ஸையும் ஒன்றாக, நாலின் மைனஸ்ஸையும் ஒன்றாக இணைத்து ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள், எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். ஏரிப் பாசனத்தில் மடை திறந்துவிட்டால் ரெண்டு வயலிலும் தண்ணீர் ஒரே மட்டத்துக்கு வருகிற மாதிரிதான். இதைச் செய்யாமல் போட்டால் ஒரு செல் முதலில் நிறைந்து போர்டு சார்ஜை நிறுத்திவிடும், மற்ற மூன்றும் அரைகுறையாகவே நிற்கும், பெட்டி சொன்ன நேரம் ஓடவில்லை என்று செல்லைக் குறை சொல்வீர்கள்.

அப்புறம் பிரித்து, பிளாஸ்டிக் ஹோல்டரில் உட்காரவைத்து, ஒன்றின் ப்ளஸ் அடுத்ததன் மைனஸோடு என்று தொடராக இணையுங்கள். ப்ளஸ் முனையைச் சுற்றிப் பார்லி பேப்பர் (மின்சாரம் கடத்தாத காகிதம்) வளையம் ஒட்டுங்கள், ஏனென்றால் செல்லின் உடம்பு முழுக்க மைனஸ், மேலே உறை கிழிந்தால் ப்ளஸ் பட்டை அதில் உரசிவிடும். திருகாணி முனை என்றால் ஸ்பிரிங் வாஷர் போட்டு முறுக்குங்கள். நிக்கல் பட்டை என்றால் ஸ்பாட் வெல்டிங் செய்து வாங்குங்கள், செல்லின் மேல் நேராகச் சால்டரிங் அயர்ன் வைத்துச் சுடாதீர்கள்.

இப்போது பிஎம்எஸ். இதில் ஐந்து மெல்லிய ஒயர் உள்ள ஒரு கனெக்டரும், தடித்த ஒயருக்கு ரெண்டு மைனஸ் இடமும் இருக்கும். ஒரு மைனஸ் செல் பக்கம், இன்னொரு மைனஸ் வெளிப் பக்கம். கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றி வைத்துக்கொண்டு முதலில் செல் பக்க மைனஸை முதல் செல்லின் மைனஸோடு தடித்த ஒயரில் சேருங்கள். பிறகு மெல்லிய ஒயர்கள்: முதலாவது முதல் செல்லின் மைனஸுக்கு, ரெண்டாவது முதல் செல்லும் ரெண்டாம் செல்லும் சேருமிடத்துக்கு, இப்படியே படிப்படியாக, ஐந்தாவது கடைசி செல்லின் ப்ளஸ்ஸுக்கு. ஐந்தையும் சேர்த்த பிறகு கனெக்டரைச் செருகாமல் கையில் வைத்துக்கொண்டு, மீட்டரின் கறுப்புக் கம்பியை முதல் பின்னில் வைத்து மற்றதை ஒவ்வொன்றாக அளங்கள். 3.3, 6.6, 9.9, 13.2 என்று ஏணிப்படியாக ஏற வேண்டும். ஏதாவது ஒன்று மாறி ஏறினாலும் செருகக் கூடாது, செருகினால் போர்டு அந்த நிமிஷமே போய்விடும். சரியாக இருந்தால் செருகுங்கள். வெளி மைனஸில் வோல்ட் எதுவும் வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம், சில போர்டுகள் முதல் தடவை சார்ஜரைக் காட்டினால்தான் விழிக்கும்.

இனி ப்ளஸ் பக்கம். கடைசி செல்லின் ப்ளஸ்ஸிலிருந்து ஒரு சாண் கூடப் போக வேண்டாம், அதற்குள் 7.5 ஆம்ப் ஃபியூஸ் வந்துவிட வேண்டும். ஃபியூஸுக்கு முந்திய ஒயரில் என்ன நடந்தாலும் ஃபியூஸால் காப்பாற்ற முடியாது, அதனால் அந்தத் துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. பிஎம்எஸ்ஸில்தான் ஷார்ட் பாதுகாப்பு இருக்கிறதே, ஃபியூஸ் எதற்கு என்று கேட்பார்கள். பிஎம்எஸ்ஸில் இருக்கும் டிரான்சிஸ்டர் கெட்டுப்போகும்போது பெரும்பாலும் மின்சாரத்தை விடுகிற நிலையிலேயே கெட்டுப்போகும், அப்புறம் தடுக்க ஆள் இல்லை. ஏழு, எட்டு ரூபாய் விஷயத்துக்கு வாதம் வேண்டாம்.

ஃபியூஸ் தாண்டியதும் ரெண்டாகப் பிரியுங்கள். ஒன்று சார்ஜ் வாய்க்கு, இன்னொன்று சுவிட்ச்சுக்கு. இப்படிச் செய்தால் சுவிட்ச்சை அணைத்துவைத்தே சார்ஜ் ஏற்றலாம், ஆனால் சார்ஜும் ஃபியூஸ் வழியாகத்தான் போகும். எக்ஸ்டி60-ல் பெண் பக்கம், உலோகம் உள்ளே ஒளிந்திருக்கிற பக்கம், பெட்டியில் வர வேண்டும், ஏனென்றால் அங்கே எப்போதும் பேட்டரி வோல்ட் நிற்கிறது. சுவிட்ச் தாண்டி ரெண்டு கிளை, ஒவ்வொன்றிலும் 3 ஆம்ப் ஃபியூஸ், ஒன்று 12 வோல்ட் கன்வெர்ட்டருக்கு, இன்னொன்று பைக் சார்ஜருக்கு. கறுப்பு ஒயர்கள் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து பிஎம்எஸ்ஸின் வெளி மைனஸுக்கு. ஒரு கறுப்பு ஒயர்கூட நேராகச் செல்லின் மைனஸுக்குப் போகக் கூடாது, போனால் பிஎம்எஸ்ஸைச் சுற்றிக்கொண்டு போன மாதிரி, பேட்டரி அடிமட்டம் வரை காலியாகும்.

கீழே சொல்லியிருக்கிற பல்பு சோதனையை முடித்த பிறகு, கன்வெர்ட்டரின் வெளிப்பக்கத்தில் எதையும் செருகாமல், நீலத் திருகைத் திருப்பி 12.0 வைத்துக்கொள்ளுங்கள். பத்து, பதினைந்து சுற்று சுற்றினாலும் ஒன்றும் நகராத மாதிரி இருக்கும், தொடர்ந்து சுற்றுங்கள். வைத்ததும் திருகின் மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு விட்டு இறுக்கிவிடுங்கள், இல்லையென்றால் பைக்கில் வைத்துக் கொண்டுபோகிற அதிர்விலேயே மாறும். 12 வோல்ட்டுக்குப் பெட்டியில் வாய் வைக்காமல், ஒரு முழ ஒயரில் உருண்டைப் பின்னை நிரந்தரமாக இணைத்து வெளியே விடுங்கள், முனையில் சிவப்பு ஸ்லீவ் போட்டுச் சூடாக்கிச் சுருக்குங்கள். நெட் டப்பாவின் அடியில் இருக்கிற படத்தைப் பாருங்கள், அநேகமாக நடுவில் ப்ளஸ், வெளியே மைனஸ். மீட்டரின் சிவப்பை உள்ளே வைத்து அளந்து, முன்னால் கழித்தல் குறி வரவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகே டப்பாவில் செருகுங்கள். லைட்டையும் இந்த 12-லிருந்தே பிரியுங்கள், பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்தால் நிறைந்த பேட்டரியின் 14-க்கு மேற்பட்ட வோல்ட்டில் எல்இடி பட்டை சூடாகிச் சீக்கிரம் மங்கிவிடும்.

முதல் தடவை போடும்போது

இதற்குத்தான் அந்த இண்டிகேட்டர் பல்பு. பெரிய ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் பல்பை இணையுங்கள். சுவிட்ச்சைப் போட்டதும் பல்பு ஒரு கணம் மினுக்கி அணைந்தால் ஒயரிங் சரி, கன்வெர்ட்டரின் கெப்பாசிட்டர் நிறைந்ததுதான் அந்த மினுக்கல். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் எங்கேயோ ஷார்ட். பல்பு வழியாக 2 ஆம்பியருக்கு மேல் போகாது, அதனால் எதுவும் கருகாது, நிதானமாக அணைத்துவிட்டுத் தேடலாம். மோட்டார் காயில் கட்டுகிற பட்டறைகளில் இதே முறையை 230-ல் சீரிஸ் லேம்ப் என்று வைத்திருப்பார்கள், அவர்கள் எதையும் நேராகக் கரண்ட்டில் போட்டுப் பார்ப்பதில்லை. பல்பு சோதனை முடிந்ததும் ஃபியூஸைத் திரும்பப் போடுங்கள். பல்பையே சுமையாக 12 வோல்ட் பின்னில் மாட்டாதீர்கள், அந்தச் சின்ன கன்வெர்ட்டருக்கு 21 வாட் அதிகம். நெட் டப்பாவைச் செருகி ஒரு மணி நேரம் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் கன்வெர்ட்டரையும் கையால் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு எங்கேயாவது இருந்தால் அந்த இணைப்பைத் திரும்பச் செய்யுங்கள்.

பெட்டி

பிவிசி ஜங்ஷன் பாக்ஸ் போதும், ஆறுக்கு எட்டு அங்குலம். தகர டப்பா வேண்டாம். செல் ஒரு பக்கம், கன்வெர்ட்டர் மறு பக்கம், நடுவில் ஒரு தடுப்பு. காற்றுக்கு ஓட்டை போட்டால் உள்பக்கமாகக் கொசுவலை ஒட்டுங்கள். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் பல்லி போய் என்ன செய்யும் என்று தோட்டம் வைத்திருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, எறும்பும் அப்படித்தான், வெதுவெதுப்பான இடம் என்றால் குடிவந்துவிடும். சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்கொட்டகையில் வைக்கிறவர்கள் ஓட்டையைப் பக்கவாட்டில் போடுங்கள், மேலே போட்டால் பஞ்சு படிந்து அடைத்துக்கொள்ளும், வாரத்துக்கு ஒரு தடவை தட்டிவிடுங்கள். நார் மில் பக்கமும் அதே கதை, அந்தத் தூள் ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும். எலி, அணில் இருக்கிற இடத்தில் வெளி ஒயரைக் குழாய்க்குள் விடுங்கள். தகரக் கூரையை ஒட்டி மேலே வைக்காதீர்கள், தரையிலிருந்து இடுப்பு உயரம், வெயில் படாத சுவர். செல்லின் சூடு 45 டிகிரிக்கு மேல் இருக்கும்போது சார்ஜ் ஏற்றக் கூடாது, மத்தியானத்தில் ஏற்றுவதைவிட ராத்திரியில் ஏற்றுங்கள்.

எப்போதும் செருகியே வைக்கலாமா?

கரண்ட் போனதும் கையால் மாற்றாமல் நெட் தானாக ஓட வேண்டும் என்றால் பெட்டி எப்போதும் சார்ஜில் இருக்க வேண்டும், டப்பா எப்போதும் பெட்டியில் இருக்க வேண்டும். ஆனால் 14.6 சார்ஜரை இப்படி நிரந்தரமாக விட்டுவைக்காதீர்கள். டப்பா இழுத்துக்கொண்டே இருப்பதால் பேட்டரி நிறைந்துவிட்டது என்று சார்ஜருக்குத் தெரியாது, செல்கள் நாள் முழுக்க உச்சியிலேயே நிற்கும், ஆயுள் குறையும். அதற்குப் பதில் பழைய லேப்டாப் அடாப்டர் 19 வோல்ட் ஒன்றும், வோல்ட், ஆம்ப் ரெண்டையும் திருகி வைக்க முடிகிற எக்ஸ்எல்4015 போர்டு ஒன்றும் எடுத்து, 2 ஆம்ப் வைத்து, வெளியே ஒரு 5 ஆம்ப் ஷாட்கி டையோடு போட்டு (கரண்ட் இல்லாதபோது பேட்டரி பின்னால் கசியாமல் இருக்க), டையோடு தாண்டிப் பேட்டரியில் 13.6 வருகிற மாதிரி வையுங்கள். முழுசாக நிறையாது, முழுசுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும், வருஷக்கணக்கில் அப்படியே இருக்கலாம். மாதம் ஒரு தடவை 14.6 சார்ஜரைப் போட்டு முழுதாக ஏற்றினால், சமன் செய்கிற வசதி உள்ள பிஎம்எஸ் செல்களைச் சமன் செய்துகொள்ளும்.

பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சின்ன வோல்ட்மீட்டர் பதிக்க ஆசைப்படுவீர்கள். பதியுங்கள், ஆனால் பாஸ்பேட் செல் ரொம்ப நேரம் 13-ஐ ஒட்டியே நின்றுவிட்டுக் கடைசியில் மடமடவென்று இறங்கும். 13.0 காட்டுகிறது, இன்னும் நிறைய இருக்கிறது என்று நம்பக் கூடாது. சும்மா இருக்கும்போது 12.8 காட்டினால் சார்ஜில் போட்டுவிடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து நாலு செல்லையும் தனித்தனியாக அளங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.1-க்கு மேல் விலகிக்கொண்டே போனால் அந்த ஒன்றை மாற்றுங்கள், திருகாணி செல் வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். உப்பியதோ, கசிந்ததோ, தொட்டால் தனியாகச் சுடுவதோ இருந்தால் பெட்டியை வெளியே திறந்த வெளிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பிறகு பிரியுங்கள். கழித்த செல்லைக் குப்பையிலோ கிணற்று மேட்டிலோ போடாமல், முனைகளில் டேப் ஒட்டி, பேட்டரி திரும்ப எடுக்கிற கடையில் கொடுங்கள். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி தயாரிப்பாளர்கள் திரும்ப வாங்கிக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள், கடைக்காரரிடம் கேட்கலாம்.